கிருமி மாத்திரை

கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உயிர் உண்டு. விழுங்கினால் வயிற்றுக்குள் போய்க் குடியிருக்கும். வைத்தியமோ தோலுக்கு. அது என்ன? சொல்லுங்கள் பார்ப்போம்.

லப்பைக்குடிக்காட்டு இனாயாவைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பாள்: நல்ல கிருமி. ஒன்பது வயதுக்காரி. முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் கரப்பான் என்ற தோல் அரிப்பு. துபாயில் இருக்கும் அத்தா அன்சார், நல்ல கிருமி அடைத்த மாத்திரைகளை வாங்கி அனுப்பியிருந்தார்.

"சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. குடுத்துப் பாருங்க. பூசுற களிம்பை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார் பெரம்பலூர் டாக்டர்.

மூன்று மாதத்தில் அரிப்பு கொஞ்சம் அடங்கியது. அந்தச் சந்தோஷத்தில் அம்மா ரஹ்மத் ஒரு தப்புச் செய்தாள். "உள்ள இருக்கிறது அத்தனையும் உயிருள்ள கிருமிங்க!" என்று தெருவெல்லாம் பெருமையடித்தாள். தெரு கிருமி என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டது.

அன்சாரின் அக்கா சபூராவின் மகள் அஃப்ஷானுக்குக் கல்யாணம் வந்தது. நாலு நாலு பேராகச் சுற்றி உட்கார்ந்து, சஹன் என்ற ஒரே பெரிய தட்டில் பிரியாணி சாப்பிடுவது அங்கே வழக்கம். நடுவில் இருக்கும் கறித்துண்டை யார் முதலில் இழுப்பது என்று பிள்ளைகளுக்குள் போட்டி நடக்கும். இனாயா ஒரு வாரமாக அதற்காகவே காத்திருந்தாள்.

அவள் உட்காரப் போகும்போது சபூரா ஒரு எவர்சில்வர் தட்டை நீட்டினாள்.

"இந்தா, உனக்குத் தனியா வச்சிருக்கேன். அந்த ஓரமா உக்காந்து தின்னு."

"ஏன் மச்சி, எம் புள்ளைக்கு மட்டும்?" என்று நாத்தனாரைக் கேட்டாள் ரஹ்மத்.

"கிருமி முழுங்குற புள்ளை. நாலு பேரு கை வைக்கிற சஹன்ல எப்படி வுடறது?"

"தயிர்லயும்தான் கிருமி இருக்கு. பச்சடி அண்டாவைக் கவுத்துருவோமா மச்சி?"

பக்கத்துச் சஹனில் சிரிப்பு கிளம்பியது. சபூராவுக்கு முகம் கடுத்தது. "வாயும் துபாய்லேருந்து பார்சல்ல வந்துச்சாக்கும்?"

"கரப்பான் தொத்தாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"அந்த டாக்டரைக் கூட்டியாந்து இவகூட உக்கார வையேன்!"

"தனித்தட்டுல நான் திங்க மாட்டேன் மாமி" என்றாள் இனாயா. தட்டை வாங்கவில்லை. கையை மறைக்கவும் இல்லை.

"வாடி, வூட்டுல ரசம் சோறு இருக்கு." ரஹ்மத் மகளை இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கொல்லைக் கதவருகே சபூரா ஓடிவந்து மறித்தாள். இப்போது குரல் இறங்கியிருந்தது.

"ரஹ்மத்து... அந்த மாத்திரையில ரெண்டு அட்டை குடேன்."

"யாருக்கு?"

"அஃப்ஷானுக்குத்தான். அவளுக்கும் முழங்கையில இதே கரப்பான். முழுக்கை ஜாக்கெட் போட்டு மறைச்சிருக்கோம். மாப்பிள்ளை வூட்டுக்குத் தெரியாது."

ரஹ்மத்துக்குக் கொதித்தது. "இப்பவே பந்தியில போயி இதைச் சொல்லட்டுமா?"

"கல்யாணத்தைக் கெடுத்துறாத தாயி!"

"என்னைக் கெஞ்சாதீங்க. தனித்தட்டு யாருக்கு வச்சீங்களோ, அவ சொல்லட்டும். இனாயா, என்னடி செய்யலாம்?"

இனாயா பந்திக்குத் திரும்பிப் போனாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. முழுக்கை ஜாக்கெட்டோடு இருந்த மணப்பெண் அஃப்ஷானின் சஹனில், அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள்.