பாண்டுவின் நகங்கள்

பக்கத்து வீட்டு சந்திரிகா மும்பைக்குப் போகும்போது தன் ஆமையை சபரியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். ஆமைக்குப் பாண்டு என்று பெயர். தீனி போடப் போன சபரியின் கையை அது நன்றாகக் கீறிவிட்டது.

"முன்னங்கால் நகம் எவ்வளவு நீளம் பாருங்க! அக்கா கவனிக்கவே இல்ல போலிருக்கு" என்றாள் மனைவி வைஷாலி.

சபரிக்கு அன்று ஹிஞ்சேவாடி ஆபீஸ் லீவு. பாண்டுவை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, துண்டில் சுற்றி, வைஷாலியின் மடியில் வைத்தான்.

"உள்ளே சிவப்பா ரத்தக்குழாய் ஓடும். அதுல பட்டா போச்சு. டார்ச்சை நல்லா அடி!"

மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு நகமாக நறுக்கினான். ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லை.

சாயங்காலம் கையில் ஒரு கூடையோடு வந்த சந்திரிகா அலறினாள்.

"அரே தேவா! நகம் எங்கேடா?"

"பத்திரமா வெட்டிட்டேன்க்கா" என்றான் சபரி பெருமையாக.

"அடப்பாவி! ஆண் ஆமை அந்த நகத்தைப் பொண்ணு முகத்துக்கு முன்னால படபடன்னு ஆட்டிக் காட்டினாத்தான் அவ மசிவா. நான் மும்பைக்கு எதுக்குப் போனேன்னு நெனச்சே?"

கூடையைத் திறந்தாள். உள்ளிருந்த பெண் ஆமை தலையை நீட்டி, பாண்டுவை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

வைஷாலிதான் சமாதானம் சொன்னாள்.

"கவலைப்படாதீங்கக்கா. என்னைப் பொண்ணு பாக்க இவரும் மீசையை மழிச்சிட்டுத்தான் வந்தாரு. முளைக்கிற வரைக்கும் நான் காத்திருக்கலையா?"