புழுதியோரச் செடிகள்

குவாரி லாரிகள் கிளப்பிய புழுதி மங்கையர்க்கரசியின் சோயா வயலோரத்தில் அப்பிக் கிடந்தது. அங்கேதான் சிவப்புச் சிலந்திப்பேன் பெருகி, இலைகளெல்லாம் வெளுத்துக்கொண்டு வந்தன. இரண்டு முறை மருந்தடித்தும் அடங்கவில்லை. அன்று காலை அவள் சாலை நடுவே நின்று முதல் லாரியை மறித்தாள்.

"சாகவா வந்தே?" என்று கத்தினார் டிரைவர் சவரிமுத்து.

அவள் ஓர் இலையை வெள்ளைத்தாளில் தட்டி, ஜன்னலுக்கு நேரே உயர்த்திக் காட்டினாள். தாளெங்கும் செம்புள்ளிகள் ஊர்ந்தன.

"புழுதி படிஞ்சா இதுங்க பெருகுதுண்ணே. செடியை நான் தண்ணியடிச்சுக் கழுவிக்கிறேன். நீங்க மெதுவா போங்க, போதும்."

பின்னால் நான்கு லாரிகள் ஹாரன் அடித்தன. சவரிமுத்து முதல் கியரைப் போட்டார். வயல் முடியும்வரை நடைவேகத்தில் உருட்டினார். முந்த வந்தவனுக்கு, வலது கையை வெளியே நீட்டி, பொறு என்று காட்டினார்.