குதிரை வண்டி நின்ற இடம்

“மன்னிச்சிடுங்க மிஸஸ் ஹால்வர்சன், இந்தப் பலகையை இன்னைக்குக் கழட்டியாகணும்” என்றாள் டெஸ்ஸா. கையில் ஸ்பேனர் இருந்தது.

வெர்னா ஹால்வர்சன் பலகையின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுபத்தெட்டு வயது. அவள் வீட்டுக்கு முன்னால், சரளைச் சாலையின் ஓரமாக நின்ற அந்த அலுமினியப் பலகையில், ‘1868இல் தபால் குதிரை வண்டி இங்கே நின்று குதிரை மாற்றியது’ என்று புடைப்பு எழுத்துகள் இருந்தன. பாதி எழுத்துகளில் பெயிண்ட் இல்லை.

டெஸ்ஸா மாவட்ட வரலாற்றுச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவள். மூன்று வாரமாகச் சாலையோரப் பலகைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வருகிறாள். ஒவ்வொரு பலகைக்கும் பழைய செய்தித்தாளோ பத்திரமோ ஆதாரமாக இருக்க வேண்டும். இதற்கு ஒன்றும் இல்லை. பதிவேட்டில் எண்கூட இல்லை. முன்பு இருந்த யாரோ எழுதி வைக்காமல் நட்டுவிட்டார்கள் என்று சங்கத்தில் பேசிக்கொண்டார்கள். குதிரை வண்டிப் பாதையோ ஒன்பது மைல் வடக்கே போயிருக்கிறது.

வெர்னா உள்ளே போய் ஒரு லாடத்தைக் கொண்டுவந்து காட்டினாள். தோட்டத்தில் தோண்டியபோது கிடைத்ததாம்.

“இது உழவுக் குதிரையோடது. எங்க தாத்தா வீட்டுலயே ரெண்டு டஜன் கிடக்கு” என்றாள் டெஸ்ஸா.

வெர்னா லாடத்தை வேலிமேல் வைத்தாள். “இது போயிட்டா இந்த ரோட்டுல யாருமே நிக்க மாட்டாங்க, கண்ணு.”

பிறகு, வருடாவருடம் பலகைக்குப் பெயிண்ட் அடிக்க வந்த ஆர்விட்டைப் பற்றிச் சொன்னாள். முதலில் அவரைப் பார்த்தது, கணவர் இறந்த பிறகு நடந்த பண்ணை ஏலத்தில். டிராக்டர் வாங்க வந்து, வாங்காமலே போனவர். மறு வருடம் அவள் ஊருக்குள் போயிருந்த நாளில் யாரோ பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த மே மாதம் பிக்கப் வண்டியில் பெயிண்ட் டப்பாவோடு ஆர்விட் வந்து இறங்கினார். வரலாற்றுச் சங்கத்தின் தொண்டர் என்றார். பலகைகளை வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது விதி என்றார்.

பழைய பெயிண்டைச் சுரண்டி, அடிப்பூச்சு அடித்து, காயவிட்டு, சின்ன பிரஷ்ஷால் எழுத்துகளைத் தீட்ட மூன்று மணி நேரம் ஆகும். காய்கிற நேரத்தில் சமையலறையில் காபியும் ரூபார்ப் கேக்கும். மழை, சோளம், அவருடைய முழங்கால் வலி. இதைத் தாண்டி இருவரும் எதுவும் பேசியதில்லை.

“ரெண்டாவது வருஷம் பெயிண்ட் அப்படியே இருந்துச்சு. பலகையைச் சுத்தி ரெண்டு தடவை நடந்தார். நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டுப் பத்தே நிமிஷத்துல கிளம்பிட்டார்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, பனி உருகினதும் கம்பி பிரஷ்ஷை எடுத்து நானே சுரண்டிடுவேன். வருஷா வருஷம். எழுதிக்கணும்னா எழுதிக்கோ.”

டெஸ்ஸா எழுதிக்கொள்ளவில்லை.

இந்த வருடம் மார்ச் மாதம் பேப்பரில் ஆர்விட்டின் மரண அறிவிப்பு வந்தது. அது தெரிந்தும் ஏப்ரலில் வெர்னா பலகையைச் சுரண்டியிருக்கிறாள். ஏன் என்று டெஸ்ஸா கேட்டதற்கு, கை பழகிவிட்டது என்றாள்.

“சங்கத்துல சொல்லி வேற ஆளை அனுப்பச் சொல்லேன். வந்து அடிச்சிட்டுப் போகட்டும், என்கிட்டப் பேசணும்னுகூட இல்ல. ஆர்விட் லிண்ட்குவிஸ்ட்டோட ரிப்போர்ட் பத்தொன்பது வருஷத்துக்கும் உங்ககிட்ட இருக்கும், எடுத்துப் பாரு.”

போல்ட்டில் மாட்டிய ஸ்பேனரை டெஸ்ஸா மெல்ல விடுவித்தாள். “லிண்ட்குவிஸ்ட்டா? வார்ப்புப் பட்டறையில இருந்தவரா?”

“ஆமா. அங்கதான் ரிட்டயர் ஆனார்.”

“எங்க பலகை எல்லாத்தையும் வார்த்துக் கொடுத்தவர் அவர். ஆனா சங்கத்துல ஒருநாளும் இருந்ததில்ல. பெயிண்ட் அடிக்க நாங்க யாரையும் அனுப்புறதும் இல்ல. வருஷத்துக்கு ஒருமுறைங்கிற விதியும் கிடையாது.”

காற்று சோள வயலைக் கடந்து போனது. வெர்னா பலகையைப் பார்த்தபடியே நின்றாள்.

டெஸ்ஸா ஸ்பேனரைப் பைக்குள் போட்டாள். “இது எங்க பலகையே இல்லம்மா. கழட்ட எனக்கு உரிமை இல்ல.”

அவரை வரவழைக்கத் தான் மட்டும்தான் தந்திரம் செய்ததாக வெர்னா இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். வந்து நிற்பதற்காக ஆர்விட் ஒரு வரலாற்றையே வார்த்து நட்டிருந்தார்.