சொட்டும் முடிச்சும்

மறுபடியும் வெறும் தண்ணீர்.

கேமராத் திரையில் இரும்புச் சட்டி தெரிந்தது. சட்டி நிறையத் தண்ணீர் தெரிந்தது. சொட்டு விழுந்ததும் எழும்பும் அந்தக் குட்டிக் கிரீடத்தை மட்டும் காணோம்.

அழித்தாள்.

பகல் மூன்று மணி. சமையலறை ஜன்னலைப் போர்வை போட்டு மூடியிருந்தாள். குழாயின் வாஷர் போய் ஆறு மாதம் ஆகிறது. நாளைக்கு மாற்றிவிடுகிறேன் என்று தனசேகர் சொல்லத் தொடங்கியும் அதே ஆறு மாதம். கணவனின் சோம்பலுக்கு அவள் நன்றி சொன்ன ஒரே நாள் இதுதான். சொட்டு தவறாமல் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது.

ஒரு சொட்டுக்கு ஒரு அழுத்தல். அதற்கு மேல் கிடையாது.

இருபது சொட்டில் பதினைந்தாவது கிரீடத்தோடு படத்தில் சிக்கினால், நாளை விருதுநகர் கல்யாணத்தில் தாலி கட்டும் படத்தை அவளே எடுப்பாள். இல்லையென்றால் தனசேகர் இன்னொரு போட்டோக்காரன் வில்சனுக்குப் போன் போடுவான். வில்சன் கெட்டிக்காரன். அதைச் சொல்லிக்காட்டாத நல்லவன் வேறு. அதனாலேயே அவனை வரவிடக் கூடாது என்றிருந்தது அவளுக்கு.

கல்யாண வீடுகளில் தனசேகர் வீடியோ, அவள் போட்டோ. பதினோரு வருஷமாக அப்படித்தான்.

போன மாதம் அருப்புக்கோட்டையில் மானம் போயிற்று.

'கெட்டிமேளம்' என்று ஐயர் விரலை ஆட்டியதும் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். படபடவென்று பதினான்கு படங்கள். எதற்கும் இருக்கட்டும் என்ற பேராசைதான். ஃப்ளாஷ் ஒருமுறை மின்னிவிட்டு ஓய்ந்துபோனது. முதல் படத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கவே இல்லை. மீதி பதின்மூன்றும் கும்மிருட்டு.

பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது.

"ஒன் மோர், மாப்பிள்ளை!"

மாலையைத் தூக்கு, தலையைச் சாய், பல் தெரியச் சிரி என்று விடியற்காலையிலிருந்து அவள் சொன்னதையெல்லாம் செய்த அப்பாவி அவன். இதையும் செய்யப் பார்த்தான். முடிச்சை அவிழ்க்கக் கையைக் கொண்டுபோய்விட்டான்.

பெண்ணின் அத்தை பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். மேளக்காரர்கள்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று தனசேகர் பிற்பாடு சொன்னான். இருக்கலாம். அவளுக்கு அப்போது காதே அடைத்துவிட்டது.

கட்டிய தாலியைத் திரும்பக் கட்டச் சொன்ன போட்டோக்காரி. அவள் போகும் ஊருக்கெல்லாம் அந்தப் பெயர் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்தப் பெண்ணின் ஆல்பத்தில் அந்த ஒரு பக்கம் இல்லாமல் போனதுதான் நெஞ்சை அறுத்தது.

"முகூர்த்தத்துக்கு மட்டும் வில்சனக் கூப்பிடட்டுமா?" என்று நேற்று தனசேகர் கேட்டான். ரொம்ப மெதுவாகத்தான் கேட்டான். அதுதான் சுட்டது.

இன்று சாயங்காலம் பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தாள்.

சொட்டு. அழுத்தல். தண்ணீர்.

சொட்டு. அழுத்தல். தண்ணீரில் ஒரு வளையம், அவ்வளவுதான்.

முதல் இருபதில் சிக்கியது நான்கு.

அடுத்த இருபதைத் தொடங்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். கிரீடம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்த தடவையெல்லாம் படத்தில் அது இல்லை. சிக்கிய நான்கையும் அவள் பார்த்ததாகவே நினைவில்லை.

கேமராவுக்குள் ஒரு கண்ணாடி உண்டு. பட்டனை அழுத்தினால் அது மேலே போகும். படம் பதியும் அந்த இமைப்பொழுதுக்குப் பார்க்கிற துளை இருண்டுவிடும். புதிதாய் ஒன்றுமில்லை, பதினோரு வருஷமாகத் தெரிந்த சங்கதி. புத்திக்குத் தெரிந்திருந்தது, விரலுக்குத்தான் தெரியவில்லை.

இத்தனை நேரமும் பார்க்கவும் ஆசைப்பட்டிருக்கிறாள், எடுக்கவும் ஆசைப்பட்டிருக்கிறாள்.

துளையில் கண்ணுக்குப் பட்டால் படத்தில் போச்சு.

வலது கண்ணைத் துளையில் வைத்துக்கொண்டு இடது கண்ணால் குழாயைப் பார்த்தாள். விளிம்பில் சொட்டு திரண்டது. கனத்தது. அதன் கழுத்து மெலிந்தது. அது பிடியை விட்டதும் இவள் விரல் கிளம்பியது. கீழே சட்டியில் என்ன நடக்கிறது என்று அவள் கேட்டுக்கொள்ளவே இல்லை.

இருட்டு.

திரையில் கிரீடம் நின்றது. ஏழு முனை. ஒவ்வொரு முனையிலும் ஒரு முத்து.

"வாடி என் தங்கமே," என்று சத்தமாகவே சொன்னாள்.

அந்த இருபதில் பதினாறு. அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னொரு இருபது எடுத்தாள். பத்தொன்பது.

தனசேகர் கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"சட்டி துருப்பிடிச்சிரும்."

"பிடிக்கட்டும். வில்சன் வேணாங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். திரையைக் காட்டு என்று கேட்கவில்லை. போர்வையை இறக்கி மடித்து வைத்தான்.

மறுநாள் மண்டபத்தில் மணமேடையைச் சுற்றி முண்டியடித்தது கூட்டம். அவள் ஐயரின் விரலைப் பார்க்கவில்லை. மேளத்துக்கும் காத்திருக்கவில்லை. ஒரு கண்ணை மாப்பிள்ளையின் முழங்கைகளில் வைத்திருந்தாள். அவை உயர்ந்தன. பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் விரிந்தன. முடிச்சு இறுகுவதற்கு ஒரு மயிரிழை முந்தி அவள் விரல் கிளம்பியது.

ஒரே ஒரு மின்னல்.

தலையிலும் தோளிலும் அட்சதை கொட்டியது. எதிர்ப்பக்கத்தில் வீடியோ கேமராவிலிருந்து தலையைத் தூக்கிய தனசேகர், மேளச் சத்தத்துக்கு நடுவே உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டான்.

பாத்தியா?

இல்லை என்று தலையாட்டினாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. மீதி இரண்டு முடிச்சும் போட வந்த நாத்தனாரின் பக்கம் கேமராவைத் திருப்பினாள்.