ஆவுடையப்பன் வகை

மாசானம் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். உலகம்மை நகரவில்லை. முப்பது நாளும் வீடு தேடி வந்து, அரசாங்க மாத்திரை தொண்டைக்குள் இறங்குவதைப் பார்ப்பதுதான் அவள் வேலை.

"நாக்கத் தூக்குங்கண்ணே."

அடியில் மாத்திரை ஒட்டிக்கொண்டிருந்தது. மாசானம் அதை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டார்.

"காய்ச்சல் விட்டு ஒரு வாரமாச்சும்மா. மவ பிரசவத்துக்கு வாரா. அவளுக்கு ஒண்ணுன்னா மருந்துக்கு எங்க போவ? அதான் எடுத்து வைக்கலாம்னு..."

"உங்க சீட்டுல கிருமி பேரு என்ன போட்டிருக்கு?"

"ஆவுடையப்பன் வகை. மருந்துக்கு அடங்காதத மொதல்ல யார்கிட்ட கண்டாங்களோ, அவரு பேர வச்சிருவாங்களாமே."

"அவருக்கும் அஞ்சாம் நாளே காய்ச்சல் விட்டுட்டு. அவரு பொண்டாட்டி மிச்ச மாத்திரைய சீனி டப்பாவுல எடுத்து வச்சிட்டா. மருந்துக்குத் தாக்குப்பிடிச்ச கிருமி மட்டும் மிஞ்சிப் பெருகிட்டு. அவரையும் கொண்டுபோயி, ஊரு பூரா பரவி, இப்ப உங்ககிட்ட நிக்கி. இந்தப் புது மாத்திரைக்கு மட்டுந்தான் அது அடங்கும்."

"ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

புருஷன் பெயரை வாயால் சொல்லாத வழக்கத்தில் வளர்ந்தவள் உலகம்மை. பதினோரு வருடமாக எந்த வீட்டிலும் 'அந்தக் கிருமி' என்றுதான் சொல்லிவந்தாள். தண்ணீர்ச் செம்பை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"ஆவுடையப்பன் பொண்டாட்டி நான்தான். முழுங்குங்கண்ணே. பொறக்கப்போற பிள்ளைக்கு டாக்டர் எழுதுத சீட்டுல 'மாசானம் வகை'ன்னு இருக்கக் கூடாது."

மாசானம் விழுங்கினார். அவள் கேட்பதற்கு முன்பே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார்.