போர்னியோ மரம்

"நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் ஹாஜியார். திங்கக்கிழமையே அங்கன ரம்பத்தோட இறங்கிருவாவ" என்றார் தரகர் கிருபாநிதி.

தூத்துக்குடித் துறைமுகத்தில் வெளிநாட்டு மரத்தைக் கப்பல் கப்பலாக இறக்குகிறவர் காயல்பட்டணம் காஜா முஹ்யித்தீன் ஹாஜியார். அவர் வாங்கச் சம்மதித்தால்தான் போர்னியோ மழைக்காட்டில் கம்பெனிக்காரன் கைவைப்பான். இல்லாவிட்டால் காடு தப்பித்துவிடும். இந்தப் பேரம் மட்டும் படிந்துவிட்டால் கிருபாநிதியைப் பிடிக்க முடியாது. நாசரேத்திலிருந்து கிளம்பும்போதே அவருக்கு வாயெல்லாம் பல்.

"காட்டுக்குள்ள ஆளுவ இருக்காவளே?" என்று கேட்டார் ஹாஜியார்.

"இருக்காவ, பழங்குடி ஆளுவ. பாட்டன் பூட்டன் காலத்துக் காடு, விட மாட்டோம்னு லாரி போற பாதையில உக்காந்திருக்காவ."

"ஆத்துத் தண்ணி இப்பமே கலங்கிட்டா?"

கிருபாநிதி விழித்தார். மரத்தின் நீளம், சுற்றளவு கேட்கிற மனுஷன் இன்று தண்ணீரை விசாரிக்கிறாரே! பெரிய வியாபாரி, துருவித் துருவித்தான் கேட்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

"இன்னும் வெட்டவே இல்லியே, எப்படிக் கலங்கும்?"

"போலீஸ் யார் மேலயும் கை வச்சிட்டாவளா?"

"இல்ல. நீங்க ஒத்துக்கிட்டா ஒரே நாள்ல தூக்கி வெளிய போட்டுருவாவ. அவுகளுக்குன்னு கேக்க நாதி ஏது?"

ஹாஜியாரின் முகம் சுருங்கியது. ஆனால் குரல் உயரவில்லை.

"மரம் வேண்டாம் கிருபா."

"நீங்க வாங்கலேன்னா வேற ஆள் வாங்கப் போறான்!"

"வாங்க மாட்டான். இங்கன இருந்து கொச்சி வரைக்கும் எல்லா மர டிப்போக்காரன்கிட்டயும் பேசிட்டேன். அந்த மரம் ஒரு துண்டு இந்தப் பக்கம் வராது."

கிருபாநிதிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கம்பெனி அனுப்பிய படத்தை செல்போனில் எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். பாதையை மறித்துக் கைகோத்து நின்றது ஒரு கூட்டம். முன்வரிசையில், கைக்குழந்தையை இடுப்பில் கட்டிய ஓர் இளம்பெண்.

"நல்லாப் பாருங்க! இந்தக் காட்டு ஆளுவளுக்காகவா இவ்வளவு பெரிய யாவாரத்தை விடுதீக?"

ஹாஜியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். குழந்தையிடம் வந்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"எங்க காயல் வழக்கம் உமக்குத் தெரியும்லா? நிக்காஹ் முடிஞ்சா மாப்பிள்ளதான் பொண்ணு வீட்டோட போயிரணும். மரம் பாக்க அனுப்பின என் மவன் யாசிர், அங்கன பொண்ணப் பாத்துட்டான். முன்னால நிக்கது என் மருமவ, அவ கையைக் கோத்துட்டு நிக்கவன் யாசிர். நீரு வெட்டச் சொல்லுத காடு, என் பேரப்புள்ளைக்குத் தாய்வீடுவே!"