சிலிர்க்காத கிடா

கோயில் வாசலில் கறுப்பு, செவலை என்று இரண்டு கிடாக்கள் நின்றன. ஒரே தாய்க்குப் பிறந்தவை. தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். உடம்பைச் சிலிர்த்தால் சாமிக்குச் சம்மதம் என்று அர்த்தம். கறுப்பு சிலிர்த்தது. வெட்டினார்கள். எத்தனை குடம் ஊற்றியும் செவலை சிலிர்க்கவில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவிழ்த்துவிட்டார்கள்.

செவலை ஒரு துள்ளு துள்ளியது. உடனே அழுதது.

"ஆடுறியா, அழறியா?" என்று கேட்டது வேப்பமரத்துக் காக்கை.

"ரெண்டும் சேந்தே வருது. அண்ணன் போயிட்டான், நான் இருக்கேன். இதுக்கு என்ன பேருன்னு மனுஷங்களுக்குத் தெரியும். கேட்டுட்டு வாயேன்."

காக்கை பந்திக்குப் போய்த் திரும்பியது. வாயிலிருந்த எலும்பைக் கிளையில் வைத்துவிட்டுச் சொன்னது:

"உங்கள வளத்த பேச்சியம்மா, 'புள்ள மாதிரி வளத்தேனே'ன்னு அழுதா."

"பேரு சொன்னாளா?"

"சொல்லல. கண்ணத் துடைச்சுக்கிட்டே இன்னொரு துண்டு ஈரல் கேட்டா."